கடல் கடந்து கற்போருக்குத் துணை

ஐதராபாத் நகரில் அமீர்பேட்டை என்றொரு பகுதி உண்டு. அங்குச் சென்று வந்தவர்கள், கட்டடங்களின் சுவர் எது, விளம்பரப் பலகை எது என்று பிரித்தறிவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள். கணிப்பொறிப் பாடங்களைக் கற்பிக்கும் நிலையங்கள் ஒருபுறம், ஜி.ஆர்.இ., டோபல் முதலிய தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் மறுபுறம். இவற்றின் நடுவே, அயல்நாட்டுக் கொடிகளை வரிசையாகத் தீட்டி வைத்துக்கொண்டு, விண்ணப்பம் முதல் விசா வரை அனைத்தையும் தாமே பார்த்துக்கொள்வதாக அழைக்கும் ஆலோசனை நிலையங்கள். நகரத்துக்குச் சற்று வெளியே, உஸ்மான் சாகர் ஏரியை அடுத்த சில்கூரில் பாலாஜி கோயில் இருக்கிறது. வேண்டுதல் செய்வோர் முதலில் 11 முறை வலம் வருகிறார்கள். எண்ணியது கைகூடினால் மீண்டும் வந்து 108 முறை வலம் வருகிறார்கள். உண்டியலே இல்லாத அந்தக் கோயிலின் பெருமாளுக்கு 'விசா பாலாஜி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பேகம்பேட்டையிலுள்ள பைகா அரண்மனையில் 2008-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. 2023-இல் அது நானக்ராம்கூடாவில் எழுப்பப்பெற்ற பெரிய கட்டடத்துக்கு மாறியது.

ஆக, ஒரு மாணவரை விமானம் ஏற்றி அனுப்புவதற்கு இந்நகரில் மனிதர் துணையும் தெய்வத் துணையும் குறைவின்றி இருக்கின்றன. விமானம் இறங்கிய பிறகு அவருக்குத் துணை யார் என்ற கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் இருந்த இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 3,63,019 என்று அந்நாட்டுக் கணக்கு கூறுகிறது. படிப்பை முடித்துப் பயிற்சி வேலையில் இருப்போரும் இதில் அடங்குவர். இவர்களில் தெலுங்கு நாட்டிலிருந்து சென்றவர்கள் பெரும் பங்கினர் என்பதை ஐதராபாத்தில் வாழும் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழர் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

இந்நகரத்திலிருந்து கடல் கடந்து கற்கச் சென்றவர்களுள் உலகறிந்த முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. சரோஜினி சட்டோபாத்தியாயர், பின்னாளில் சரோஜினி நாயுடு என்று நாம் போற்றிய கவியரசி, 1895-ஆம் ஆண்டில் தமது பதினாறாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நிஜாம் மீர் மஹபூப் அலி கான் உதவித்தொகை வழங்கினார். தந்தையாரான அகோரநாதர் எடின்பரோவில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்விச்சாலையை இங்கு நடத்தியவர். அயல்நாட்டு வாழ்வு எப்படிப்பட்டது என்பதை வீட்டிலேயே கேட்டறியும் வாய்ப்பு அந்தப் பெண்ணுக்கு இருந்தது. லண்டனிலோ, மிஸ் மானிங் என்னும் அம்மையாரின் பாதுகாப்பு வாய்த்தது. 1870-இல் மேரி கார்ப்பென்டர் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய தேசிய இந்திய சங்கத்தின் செயலாளராக விளங்கியவர் இந்த அம்மையார். இந்திய மாணவர்களுக்கு இருப்பிடம் தேடித் தருவதும், அவர்களை நல்ல குடும்பங்களோடு பழகச் செய்வதும் அச்சங்கத்தின் பணிகளுள் சேர்ந்திருந்தன. மிஸ் மானிங்கின் இல்லத்தில்தான் எட்மண்ட் காஸ் என்ற இலக்கிய விமர்சகரைச் சரோஜினி சந்தித்தார். பணம், வழிகாட்டி, சென்ற இடத்தில் ஒரு வீடு ஆகிய மூன்றும் அவருக்கு இருந்தன. மூன்றும் ஒருங்கே அமைவது அன்றும் அருமை, இன்றும் அருமை.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 1914-ஆம் ஆண்டில் சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. வழிகாட்டியோ ஹார்டி, அவரைவிடச் சிறந்த வழிகாட்டியை எங்கே தேடுவது? ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவில் உறுதியாக இருந்த ராமானுஜன் அறையிலேயே தாமே சமைத்து உண்டார்; போர்க்காலத்தில் வேண்டிய காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. 1917-இல் நோய் பற்றியது. மருத்துவ விடுதிகளில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தமது 32-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நோயைப் பற்றி மருத்துவர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் புக வேண்டியதில்லை. நேரத்துக்கு ஒருவேளை பழகிய சாப்பாடு, பேச ஒரு துணை என்பவை கணித மேதைக்கும் வேண்டியிருந்தன என்பது மட்டும் தெளிவு.

அதே 1920-ஆம் ஆண்டில் லண்டனில் இந்திய மாணவர் விடுதி ஒன்று தோன்றியது. தோற்றுவித்தவரும் தமிழரே. சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராகிய முதல் இந்தியர். மாணவர்கள் தங்கவும், நம் நாட்டு உணவை உண்ணவும், ஆங்கிலேயரும் இந்தியரும் ஒரே மேஜையில் அமர்ந்து பேசவும் அவ்விடுதி இடமளித்தது. கோவர் வீதியில் அது இருந்த கட்டடம் இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. 1953-இல் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது.

அந்த விடுதி தோன்றுவதற்கு முன்பே ஆங்கில அரசாங்கமும் மாணவர் நலனுக்கென ஓர் ஏற்பாடு செய்திருந்தது என்பதையும், அந்த ஏற்பாட்டை மாணவர்கள் ஏன் வெறுத்தார்கள் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1907-இல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு இந்திய மாணவர் நிலையை விசாரித்தது. 1909-இல் இந்தியா ஆபீஸைச் சார்ந்து தகவல் நிலையம் ஒன்று ஏற்பட்டது; ஆர்னால்ட் என்ற அறிஞர் கல்வி ஆலோசகரானார். கல்லூரிகளைப் பற்றிய விவரம் தருவது, இருப்பிடம் காட்டுவது முதலியன அதன் வேலை. ஆனால் அதே ஆண்டு ஜூலை முதல் நாள் மதன்லால் திங்ரா என்ற இளைஞர் கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் லண்டனில் இந்திய மாணவர் என்றாலே சந்தேகத்துக்கு உரியவர் என்றாயிற்று. உதவி செய்யும் நிலையமே உளவு பார்க்கிறது என்று மாணவர்கள் நம்பினார்கள். அதன் வாசற்படியை மிதிக்கத் தயங்கினார்கள். லீ-வார்னர் குழுவின் அறிக்கையோ அப்போது வெளியிடப்படவே இல்லை. 1922-இல் லிட்டன் பிரபுவின் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோதுதான், அதன் பின்னிணைப்பாகப் பழைய அறிக்கையும் வெளிவந்தது. மாணவர்களின் அவநம்பிக்கையை லிட்டன் குழுவே எடுத்துக் கூறியது.

துணை வேறு, காவல் வேறு. இரண்டும் ஒரே அலுவலகத்தில் ஒரே மேஜையில் அமர்ந்திருந்தால் துணையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இதை நாம் பழங்கதையாகச் சொல்லவில்லை. இந்த நூற்றாண்டில் ஐதராபாத் வீடுகள் பலவற்றைக் கலங்கச் செய்த இரு நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ள இது வேண்டியிருக்கிறது.

முதலாவது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தது. கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊரில் 'டிரை-வேலி பல்கலைக் கழகம்' என்ற பெயரில் ஒரு நிலையம் இயங்கி வந்தது. அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அதைச் சோதனையிட்டு மூடினார்கள். அதில் பதிவு செய்திருந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர். மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் பலர் அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்றவர்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் சன்னிவேல் நகரில் ஒரே குடியிருப்பில் வசிப்பதாக அந்நிலையம் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டியிருந்தது! அத்தனை பேர் ஒரு வீட்டில் இருக்க இயலுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும். அதை நடத்திய சூசன் சு என்ற பெண்மணி மீது வழக்குத் தொடரப்பட்டு, 2014-இல் பதினாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் அவர் தண்டனை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாணவர்கள் சிலரின் கணுக்காலில் ரேடியோக் கருவி பூட்டப்பட்டுவிட்டது. எங்கே போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று கண்காணிக்கும் கருவி அது. அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்த பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்திய வெளிவிவகார அமைச்சு அதைக் கண்டித்து, கருவிகளை அகற்ற வேண்டும் என்று வற்புறுத்தியது. மாணவர்களில் ஒரு பகுதியினர் வேறு கல்லூரிகளுக்கு மாற இடம் பெற்றார்கள், மற்றவர்கள் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு இங்கே காத்திருந்தவை வங்கிக் கடனும் அண்டை வீட்டாரின் கேள்விகளும்.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் விசித்திரமானது. மிச்சிகன் மாநிலத்தில் 'பார்மிங்டன் பல்கலைக் கழகம்' என்று ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை இருந்தது, இணையதளம் இருந்தது, முத்திரை இருந்தது, கட்டணம் வசூலிக்க ஆள் இருந்தார். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, பாடம் இல்லை. காரணம், அதை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறைதான். விசா விதிகளை மீறுவோரையும், அவர்களைக் கூட்டிவரும் தரகர்களையும் பிடிப்பதற்காக 2015 முதல் விரித்து வைத்த வலை அது. அரசாங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றது. கல்வித் தரத்தைச் சான்றளிக்கும் ஒரு நிறுவனத்தின் பட்டியலிலும் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி இறுதியில் வலை சுருக்கப்பட்டது. தரகர்களாகச் செயற்பட்ட எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. முதற்கட்டமாகப் பிடிக்கப்பட்ட மாணவர்கள் 130 பேரில் 129 பேர் இந்தியர்.

இங்கே ஒரு கேள்வி எழும். பாடமே நடத்தாத கல்லூரியில் சேர்ந்தவர்கள் தெரிந்தேதானே சேர்ந்தார்கள்? அமெரிக்க அதிகாரிகள் அவ்வாறே கூறினார்கள். நம்மவரிலும் பலர் அப்படியே பேசினார்கள். இதற்கு விடை காண அங்குள்ள நடைமுறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். முதுநிலைப் பட்டம் பெற்ற மாணவர் ஓராண்டு பயிற்சி வேலை செய்யலாம். விஞ்ஞானம், பொறியியல் முதலிய துறையினருக்கு மேலும் 24 மாதங்கள் கிடைக்கும். அதற்குள் வேலை விசா பெற வேண்டும். அந்த விசாக்கள் ஆண்டுக்கு 85,000. அந்நாளில் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டு வந்தன. குலுக்கலில் பெயர் விழாதவர் மீண்டும் மாணவராகப் பதிவு செய்துகொண்டால்தான் நாட்டில் தங்க முடியும். படிப்பின் ஓர் அங்கமாக முதல் நாளிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கும் கல்லூரிகளும் உண்டு. அவற்றில் சில முறையாக நடப்பவை. பல இலட்ச ரூபாய் கடனைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வேலையும் கைநழுவும் நிலையில் இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞரிடம், 'இதுவும் அப்படிப்பட்ட கல்லூரியே. அரசாங்கப் பட்டியலைப் பார்' என்று தன் மொழியில், தன் ஊர்க்காரர் ஒருவரே வந்து சொன்னால், அவர் என்ன செய்வார்? பட்டியலைப் பார்ப்பார். பட்டியலிலும் பெயர் இருந்தது.

அறிந்தே தவறு செய்தவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பிடிபட்ட மாணவர் குற்றவாளியா, ஏமாந்தவரா என்பதை ஒவ்வொருவராக விசாரித்தே முடிவு செய்ய வேண்டும். மொத்தமாகத் தீர்ப்புக் கூறுவது அங்குள்ள அதிகாரிக்கும் அழகன்று. இங்குள்ள நமக்கும் அழகன்று. இந்திய அரசாங்கம் 2019 பிப்ரவரி 2-ஆம் நாள் புதுடில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திடம் முறைப்படி எழுதிக் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. மாணவர்களைத் தரகர்களோடு சேர்த்து எண்ணக் கூடாது; விவரங்களைத் தர வேண்டும்; நம் அதிகாரிகள் அவர்களைச் சந்திக்க இடமளிக்க வேண்டும்; அவர்கள் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றக் கூடாது என்று அது வற்புறுத்தியது. வாஷிங்டன் தூதரகத்தில் இரவு பகலாக இயங்கும் தொலைபேசித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்கத் தெலுங்குச் சங்கங்கள் வழக்கறிஞர்களைத் தேடித் தந்தன. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கு முதலில் தள்ளுபடியாயிற்று. ஆனால் 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்கை விசாரிக்கலாம் என்றது. பாடம் நடத்தாமல் பணம் வாங்கியது அரசாங்கமே ஆனாலும் கேள்வி கேட்க இடமுண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

நம் அதிகாரிகள் சந்திக்க இடமளிக்க வேண்டும் என்று மேலே சொன்னோம். இது சலுகை அன்று, உரிமை. 1963-ஆம் ஆண்டில் வியன்னாவில் உருவான உடன்படிக்கையின் 36-ஆவது விதி அதை வகுத்துள்ளது. அயல்நாட்டவர் ஒருவர் கைது செய்யப்பட்டால், அவர் விரும்பினால், அவருடைய நாட்டின் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவும் இந்தியாவும் இதில் சேர்ந்த நாடுகள். பாகிஸ்தானில் சிறைப்பட்ட குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இந்தியாவின் பக்கம் தீர்ப்பளித்ததற்கும் இவ்விதியே அடிப்படை. 'அவர் விரும்பினால்' என்ற இரண்டு சொற்களை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பயத்தால் வாய் திறவாத மாணவருக்கு விதி இருந்தும் பயனில்லை. 'எங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்' என்று கேட்க வேண்டும். வழக்கறிஞரைக் காணாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. தாமே விரும்பி நாட்டை விட்டுப் போவதாக எழுதித் தரும் தாள் எளிய படிவமாகத் தோன்றும். அதன் விளைவுகள் எளியவை அல்ல.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. 'துணைத் தூதரகம்' என்று நாம் வழங்கும் சொல்லில், தூதரகத்துக்கு அடுத்த படியிலுள்ள அலுவலகம் என்ற பொருள்தான் முதலில் வந்தது. கேட்பவருக்கோ துணை நிற்கும் தூதரகம் என்றும் பொருள்படுகிறது. இரண்டாவது பொருள் தற்செயலாக அமைந்ததே. எனினும் அதுவே சரியான பொருள் என்று நமக்குப் படுகிறது.

அப்படித் துணை நிற்பதற்குக் கருவிகள் இல்லாமலில்லை. 2009-இல் இந்திய சமுதாய நல நிதி ஏற்பட்டது. ஆதரவற்ற நிலையில் சட்ட உதவிக்கும், அவசர மருத்துவத்துக்கும், இறந்தவர் உடலைத் தாயகம் அனுப்பவும் அதிலிருந்து தூதரகங்கள் செலவிடலாம். 2015-இல் 'மதத்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. இந்திச் சொல்லான அதற்கு உதவி என்று பொருள். முறையீடுகளைப் பதிவு செய்யவும், மாணவர்கள் தம் முகவரியைத் தூதரகத்துக்குத் தெரிவித்து வைக்கவும் அதில் வசதி உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது 22,500-க்கும் மேற்பட்ட இந்தியர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். போருக்குச் சில வாரங்களுக்கு முன்பே அங்குள்ள நம் தூதரகம் அனைவரையும் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் யாருக்குப் பேருந்து அனுப்புவது?

இருந்தும் நம் மாணவர்கள் பதிவு செய்யத் தயங்குகிறார்கள். பகுதி நேர வேலை செய்கிறோம், அரசாங்கத்துக்கு ஏன் தெரிய வேண்டும் என்பது ஒரு தயக்கம். ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டோம், இனி இந்திய அலுவலகத்தோடு என்ன தொடர்பு என்பது மற்றொன்று. 1909-ஆம் ஆண்டின் அச்சம் வேறு உருவில் இன்றும் இருக்கிறது. இதற்கு மாணவர்களைக் கடிந்து பயனில்லை. தூதரகத்தின் தொலைபேசி அடித்தவுடன் எடுக்கப்பட வேண்டும். எடுப்பவர் முதலில் பெயரைக் கேட்காமல் குறையைக் கேட்க வேண்டும். அவர் தெலுங்கோ தமிழோ பேசக்கூடியவராக இருந்தால் இன்னும் நலம். நம்பிக்கை வளர வேறு வழி நமக்குத் தெரியவில்லை.

மாணவர்கள் தாமே ஒன்றுகூடிக் குரல் எழுப்பினால் பயனுண்டா என்று கேட்பவர்கள் கனடாவைப் பார்க்கலாம். போலிச் சேர்க்கைக் கடிதங்களால் ஏமாற்றப்பட்டு வெளியேற்ற ஆணை பெற்ற இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், 2023 கோடையில் டொராண்டோ விமான நிலையத்தை அடுத்துக் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். ஜூன் மாதத்தில் அந்நாட்டு அமைச்சர், உண்மையாகப் படிக்க வந்து ஏமாந்தவர்கள் வெளியேற்றப்பட மாட்டார்கள் என்றும், ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே ஆராயப்படும் என்றும் அறிவித்தார். 2025 வசந்த காலத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான அயல்நாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. போக்குவரத்து விதியை மீறியது போன்ற அற்பக் காரணங்களே பலருக்கு. நீதிமன்றங்களை நாடியவர்கள் அடுத்தடுத்துத் தடை ஆணை பெற்றார்கள். ஏப்ரல் இறுதியில் அரசாங்கம் பதிவுகளை மீண்டும் சேர்க்கத் தொடங்கியது.

இவை யாவும் அங்கே செய்ய வேண்டியவை. இங்கே, ஐதராபாத்தில், செய்ய வேண்டியது ஒன்று பாக்கி நிற்கிறது. கரீம்நகரிலிருந்தும் நிஜாமாபாத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார்களே, அவர்களை அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று பெற வேண்டும். ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. முறையீடு செய்ய, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி இந்நகரிலேயே இருக்கிறார். அந்தச் சட்டம் எங்கும் முழுமையாக நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை; சட்டமென்று ஒன்று இருக்கிறது. அதே மாவட்டத்திலிருந்து, அதே தெருவிலிருந்து, அதைவிடப் பன்மடங்கு பணம் கட்டிப் படிக்கச் செல்லும் பிள்ளையை அனுப்புகிற ஆலோசனை நிலையத்தை அச்சட்டம் தொடுவதில்லை; வேலைக்குச் செல்வோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. பஞ்சாப் மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, பயண முகவர்களும் இத்தகைய ஆலோசகர்களும் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. சட்டம் வந்தும் அங்கே மோசடி நின்றுவிடவில்லை என்பதற்கு மேலே கூறிய கனடா வழக்கே சாட்சி. எனினும் ஏமாந்தவர் போய் நிற்க ஒரு கதவாவது அங்கே இருக்கிறது. அமெரிக்காவுக்கு இத்தனை பிள்ளைகளை அனுப்பும் நம் மாநிலத்தில் அத்தகைய உரிம முறை வேண்டும் என்பதைப் பெற்றோர் சங்கங்கள் தயங்காமல் கேட்க வேண்டும். அரசாங்க உதவித்தொகையில் செல்வோரைப் பற்றியாவது கேட்டறிய ஓர் அலுவலகம் இருக்கிறது; 1954-55 முதல் நடந்துவரும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை அத்தகையது. வீட்டை அடகு வைத்து அனுப்பப்படுவோரைப் பற்றிக் கேட்பவர் வங்கி மேலாளர் ஒருவரே. அவர் கேட்பதும் தவணையைப் பற்றி.

உரிம முறை வரும்வரை ஒவ்வொரு குடும்பமும் தானே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கீகாரப் பட்டியலைப் பார்ப்பது அவசியம். ஆனால் பட்டியல் மட்டும் போதாது என்பதைப் பார்மிங்டன் காட்டிவிட்டது. தரகரின் அலுவலகத்தில் அமர்ந்து பேசாமல், கல்லூரிக்கே நேராக எழுதிக் கேட்க வேண்டும். முதல் பருவத்தில் என்னென்ன பாடங்கள், வகுப்பு எந்தத் தேதியில் எந்தக் கட்டடத்தில் தொடங்குகிறது, நடத்தும் ஆசிரியரின் பெயர் என்ன, சென்ற ஆண்டு அங்குச் சேர்ந்த மாணவர் ஒருவரோடு பேச இயலுமா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். நடக்கும் கல்லூரிக்கு இவற்றுக்குப் பதில் எழுத ஒரு நாள் போதும். பதில் கைக்கு வந்த பிறகு பெற்றோர் வங்கிக்குப் போகலாம். அந்தப் பதிலின் நகல் ஒன்றையும், மகனோ மகளோ செல்லும் பகுதிக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்தின் அவசரத் தொலைபேசி எண்ணையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.